அண்ணி அனுப்பிய மண்

எங்கள் மண் பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் மாவட்ட வரைபடம் தெரியும். ஆற்றோரத்து வண்டல் பழுப்பு நிறம். கிழக்கே கரிசல், அது சாம்பல். மேட்டுப் பக்கம் முழுக்கச் செம்மண் என்பதால் செங்கல் நிறம். தெற்கு மூலையில் மட்டும் நாலைந்து களர்த் திட்டுகள், வெள்ளையாக. வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் ஊரைத் தேடி அதன்மேல் விரலை வைத்துப் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்து விரல்களில் பாதி ஊர்கள் அழிந்தே போய்விட்டன. தொடாதீர்கள் என்று எழுதி ஒட்டினேன். இப்போது அந்தக் காகிதத்தையும் சேர்த்துத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இருபத்தாறு வருஷமாக இங்கே மண்ணைப் பரிசோதிக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். ஏன் வராது? உர மூட்டையில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் வைப்பார்கள். அதில் இருக்கும் சத்து மண்ணுடையதா மூட்டையுடையதா என்று நான் என்ன, ஜோசியமா பார்ப்பேன்? ஒருவர் துத்தநாகம் பூசிய வாளியில் மண்ணைக் கொண்டுவந்து, இதில் துத்தநாகச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இன்னொருவர் கல் பொறுக்கி, சலித்து, போட்டோ எடுக்கப் போகிற பிள்ளையைச் சிங்காரிப்பது போலச் சிங்காரித்துக் கொண்டுவந்தார். தலையில் அடித்துக்கொண்டு திட்டுவேன். திட்டி முடித்ததும் எப்படி எடுப்பது என்று சொல்லி அனுப்புவேன். அடுத்த முறை ஒழுங்காக எடுத்து வருவார்கள். சில பேர் திரும்பி வரவே மாட்டார்கள். அவர்களைப் பற்றி நான் யோசித்ததில்லை.

இந்த வேலையில் சேர்ந்த அன்று என் அண்ணன் தங்கையான எனக்கு மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தார். அண்ணன் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. பெயர் மட்டும் போகவில்லை. அண்ணி விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில், முன்னறிவிப்பே இல்லாமல் அண்ணி நிலையத்துக்கு வந்தார். கையில் ஒரு பை நிறைய பீன்ஸ். என் மேஜைமேல் இருந்த மண் பொட்டலங்களை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையை வைத்தார்.

"என்ன அண்ணி, சொல்லாம கொள்ளாம?"

"சும்மாதான் மண்ணாங்கட்டி. கடைசிப் பறிப்பு. உனக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"கடைசியா? செடி இன்னும் ஒரு மாசம் காய்க்குமே."

"வெள்ளிக்கிழமை காலைல மெஷின் வருது. செங்கல் சூளைக்காரர்கிட்ட சொல்லிட்டேன். மேல்மண்ணு மூணு அடி எடுத்துக்கட்டும்னு."

மேல்மண் என்பது நிலத்தின் சட்டை இல்லை, கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொள்ள. பயிர் தின்பதும் குடிப்பதும் அந்த முதல் ஓரடியில்தான். அண்ணன் வயலில் மூன்று அடிக்குக் கீழே சரளையும் சுண்ணாம்புக் கல்லும்தான் இருக்கின்றன. மண்ணை எடுத்துவிட்டால் என் பேரன் காலத்துக்கும் அங்கே புல் முளைக்காது.

"உங்களுக்கு என்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறையில் சலித்துக்கொண்டிருந்தவர்கள் சல்லடையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"சத்தம் போடாத. செத்த மண்ணு அது. பயிருக்கு ஆகாதது செங்கல்லுக்காவது ஆகட்டும்."

"யாரு சொன்னா செத்த மண்ணுன்னு? எந்த மடச்சாம்பிராணி சொன்னது?"

அண்ணி இடுப்புப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார். எங்கள் நிலையத்து அறிக்கை. பி.எச். ஒன்பது புள்ளி ஆறு. கீழே 'களர் நிலம், சாகுபடிக்கு உகந்ததன்று' என்று ரப்பர் முத்திரை. அதன் கீழே என் கையெழுத்து.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. ஊர் ஊராகப் போகும் எங்கள் வேனில் மண்ணை வாங்கும்போதே பையின்மேல் எண்ணையும், மேட்டு நிலமா ஆற்றோரமா என்பதையும் மட்டும் போட்டுவிடுவார்கள். யாருடைய மண் என்று ஆய்வு செய்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரும் முடிவைக் கூட்டிக் குறைக்கக் கூடாதே, அதற்காக. நல்ல விதிதான். அதனால் இருநூற்றுப் பதினேழாம் எண் என் அண்ணியுடைய மண் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது புள்ளி ஆறு வந்தது. பி.எச். ஏழுக்குப் பக்கத்தில் இருந்தால் பயிர் சுகமாக இருக்கும். எட்டரையைத் தாண்டினால் களர். ஒன்பது புள்ளி ஆறு என்றால் சவுக்காரம்தான். அன்றைக்கு மேஜைமேல் இன்னும் நாற்பது பொட்டலம் காத்திருந்தது. முத்திரையை எடுத்தேன், குத்தினேன், அடுத்ததற்குப் போய்விட்டேன்.

"ஏன் அண்ணி, என் கையில குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தா திட்டுவே. போன தடவை மண்ணைக் கேரி பேக்ல போட்டு எடுத்துட்டு வந்தேன்னு, அத்தனை பேரு முன்னாடி என்னா பேச்சு பேசின? அதான் வேன்ல குடுத்துட்டேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பையிலிருந்து ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்தேன். படக்கென்று ஒடிந்தது. சதைப்பற்று, நல்ல பச்சை, ஓரத்தில் ஒரு கருகல் இல்லை. இன்னொன்றை ஒடித்தேன். அப்புறம்தான் மண்டையில் உறைத்தது.

"அண்ணி, இந்த பீன்ஸ் எங்க விளைஞ்சுது?"

"இதென்ன கேள்வி? நம்ம வயல்லதான்."

"இந்தப் பருவத்துலயா?"

"பின்ன, போன ஜென்மத்துலயா?"

களர் மண்ணில் பீன்ஸ் விளையாது. மற்ற பயிராவது முக்கி முனகி நாலு இலை விடும். பீன்ஸ் முளையிலேயே மஞ்சளாகி உட்கார்ந்துவிடும். ஒன்பது புள்ளி ஆறு உண்மையென்றால் இந்தப் பை காலியாக இருக்க வேண்டும். வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி ஊர் மேட்டில், செங்கல் நிறத்துக்கு நடுவில் இருக்கிறது. களர் அங்கே எங்கிருந்து வந்தது?

"மெஷின் வேணாம்னு இப்பவே போன் பண்ணுங்க. இந்த ரிப்போர்ட்டுல என்னமோ தப்பு இருக்கு."

"வாக்கு குடுத்துட்டேன். காகிதம் பார்த்துட்டுதான் குடுத்தேன். நீ இப்ப வாயால சொல்ற. அன்னைக்குக் கையெழுத்துப் போட்டிருக்க. நான் எதை நம்புறது?" என்றார் அண்ணி. பிறகு குரல் இறங்கியது. "விடும்மா. உங்கண்ணன் இருந்த வரைக்கும் நல்லா இருந்த மண்ணு. மூணே வருஷத்துல நான் கெடுத்துட்டேன். அதைத் தினமும் நின்னு பார்க்க என்னால முடியல."

அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. நிலம் செத்துப் போனது என்று அண்ணி சூளைக்காரரைக் கூப்பிடவில்லை. தான் கொன்றுவிட்டோம் என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் மனதில் அதை எழுதியது என் ரப்பர் முத்திரை.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, மண் எடுக்கும் துளைகருவியைத் தோளில் வைத்துக்கொண்டு அண்ணி வயலுக்குப் போனேன். ஒன்றரை ஏக்கர். பாதி தக்காளியும் பீன்ஸும், மீதி மக்காச்சோளம் அறுத்த தாள். அறுத்த தட்டை பாதி மக்கி, பாதி மக்காமல் நிலம் பூராவும் கிடந்தது. நடந்தால் மெத்துமெத்தென்று அமுங்கியது.

"பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாத. உங்கண்ணன் இருந்தா கூட்டி, எரிச்சு, துடைச்ச தரை மாதிரி வெச்சிருப்பாரு. எனக்கு ஆள் இல்ல. போறவங்க வர்றவங்க எல்லாம் இது வயலா குப்பைமேடான்னு கேக்கறாங்க" என்றார் அண்ணி.

"அதெல்லாம் இருக்கட்டும். மண்ணு எங்க எடுத்தீங்க? அந்த இடத்தைக் காட்டுங்க."

அண்ணி நடந்தார். வயலுக்குள் போவார் என்று பார்த்தால் வரப்பை ஒட்டிக் கிணற்றுப் பக்கம் போனார். தொட்டிக்கு அருகில் துவைக்கிற கல் இருந்தது. கல்லுக்குக் கீழே, தண்ணீர் ஓடி ஓடி வெள்ளைப் பொருக்குத் தட்டிக் கிடந்த ஒரு முழ இடத்தைக் காலால் காட்டினார்.

"இங்கதான்."

துளைகருவியைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தேன்.

"இங்கேயேவா? பத்து இடத்துல எடுக்கணும்னு வேன்ல குடுத்த நோட்டீஸ்ல போட்டிருந்துச்சே அண்ணி!"

"படிச்சேன். பத்து இடத்துல நோண்டினா பத்து செடி போகும். பூ விட்டிருந்த நேரம், பிடுங்க மனசு வருமா? முட்டி வேற வலி. இங்கதான் மண்ணு ஈரமா, குனிஞ்சா வர்ற மாதிரி இருந்துச்சு. அதான் பத்து இடத்துக்குப் பதிலா இங்கேயே பத்து பிடி எடுத்தேன். ஒரு பிடிகூடக் குறைக்கல."

"எத்தனை வருஷமா இந்தக் கல்லுல துவைக்கிறீங்க?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து."

"சோடா உப்புப் போட்டு?"

"போடாம அழுக்கு எப்படிப் போகும்?"

நான் சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முப்பது வருஷத்து சவுக்காரத்தையும் சோடாவையும் பத்துப் பிடி அள்ளிப் பையில் கட்டி அனுப்பியிருக்கிறார். ஒன்பது புள்ளி ஆறு வராமல் வேறென்ன வரும்? அண்ணிக்கு முதலில் கோபம் வந்தது. நான் விளக்கிச் சொன்ன பிறகும் முகம் முழுசாகத் தெளியவில்லை.

"அப்படின்னா உள்ள நல்லா இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமா உனக்கு?"

ஒரு முறை அவசரப்பட்டது போதும். "தெரியாது அண்ணி. பார்த்துட்டுதான் சொல்லுவேன்."

"அப்ப காகிதத்தோட வா. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மெஷின் வரும். அதுக்குள்ள வந்தா பார்ப்போம்."

இந்த முறை நானே எடுத்தேன். செடிக்கு நடுவில், வேரைத் தொடாமல், குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு. அண்ணி பின்னாலேயே வந்து ஒவ்வொரு குழியையும் காலால் மூடிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் சுத்தமான துணியில் கொட்டிக் கலந்து, நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களை ஒதுக்கி, மறுபடி கலந்து மறுபடி ஒதுக்கி, கடைசியில் அரைக் கிலோ. துவைக்கிற கல்லடி மண்ணும் ஒரு பிடி, தனிப் பையில்.

அன்று மாலையே நிழலில் பரப்பி மின்விசிறியைப் போட்டுவிட்டேன். வியாழக்கிழமை காலையில் அதிகாரியிடம் போனேன். எங்கள் அதிகாரி சின்ன வயசு, சாது. ஏற்கெனவே முத்திரை குத்திய அறிக்கையை மறு ஆய்வு செய்ய வேண்டுமானால், கையெழுத்துப் போட்டவர் சிவப்பு நோட்டில் காரணம் எழுத வேண்டும். விண்ணப்பதாரர் என் அண்ணி என்று எழுதினேன். மண் எடுத்த இடம் தவறு என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. 'மேட்டு நிலத்தில் இந்த எண் வர வாய்ப்பில்லையே என்று யோசிக்காமல் முத்திரை குத்தியது என் தவறு' என்றும் எழுதினேன்.

அதிகாரி இரண்டு முறை படித்தார். "மேடம், உங்க பேரு இந்த நோட்டுல ஏறினதே இல்லையே."

"இப்ப ஏறிடுச்சு. கையெழுத்துப் போடுங்க, நேரமாகுது."

"சொந்தக்காரங்க மண்ணு. நானும் பக்கத்துல நிக்கறேன்" என்று அவரே மேஜைக்கு வந்துவிட்டார். வந்தது நல்லதுதான்.

உலர்ந்த மண்ணை மரச் சுத்தியால் தட்டிச் சலித்து, தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வைக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் இருக்கிறதே! இருபத்தாறு வருஷமாக அதில் டீ குடித்திருக்கிறேன், பேப்பர் படித்திருக்கிறேன், தூங்கிக்கூட வழிந்திருக்கிறேன். அன்று கடிகார முள் நகரவே மாட்டேன் என்றது. ஒருவேளை கல்லடித் தண்ணீர் வயலுக்குள்ளும் பாய்ந்திருந்தால்? பீன்ஸ் ஏதோ ஒரு மூலையில் மட்டும் விளைந்திருந்தால்?

முதலில் கல்லடி மண்ணைப் பி.எச். கருவியில் வைத்தேன். ஒன்பது புள்ளி ஆறு, அச்சு மாறாமல். கருவிமேல் குற்றமில்லை. கம்பியைக் கழுவித் துடைத்து வயல் மண்ணில் இறக்கினேன். எண் குதித்தது, ஏறியது, இறங்கியது, நின்றது. ஏழு புள்ளி மூன்று.

"அப்பாடா!" என்றேன். அதிகாரி கை தட்டினார்.

அடுத்தது கரிமம். மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று பார்ப்பது. அமிலக் கலவையில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கருநீலம் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்தச் சொட்டோடு நிறுத்திக் கணக்குப் போட வேண்டும். போட்டேன். பூஜ்யம் புள்ளி ஆறு இரண்டு. எங்கள் மேட்டுச் செம்மண்ணுக்கு இது அதிகம். பூஜ்யம் புள்ளி நாலைத் தாண்டினாலே நாங்கள் பாராட்டுவோம். சந்தேகப்பட்டு மறுபடி செய்தேன். அதே ஆறு இரண்டு.

அப்போதுதான் எனக்கு இன்னொரு எண் தேவைப்பட்டது. பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்குப் போய், தும்மிக்கொண்டே ஆறு வருஷத்துக்கு முந்தைய கட்டை இறக்கினேன். அண்ணன் கொடுத்த மண், அதே வயல், நான் எழுதிய எழுத்து. பி.எச். ஏழு புள்ளி நான்கு. கரிமம் பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு. தூசியோடு தரையில் உட்கார்ந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புது அறிக்கையைத் தட்டச்சு செய்தபோது குறிப்பு என்ற கட்டத்தில் இரண்டு எண்ணையும் போட்டேன். முத்திரையைத் தொடவில்லை. என்ன சொல்ல வேண்டுமோ அதைப் பேனாவால் எழுதினேன். அதிகாரியும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ் பிடித்து ஏழேகாலுக்குப் போய் இறங்கினேன். மெஷின் எனக்கு முன்னாலேயே வந்து சாலையோரம் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி வரப்பில் நின்றிருந்தார்.

"கொண்டா" என்று கையை நீட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "ஏழு புள்ளி மூணு. இது நல்லதா?"

"இதைவிட நல்ல நம்பர் கேட்டு வாங்க முடியாது அண்ணி. துவைக்கிற கல்லுகிட்ட மட்டும்தான் கெட்டது. அதுக்கு ஜிப்சம் போட்டுச் சரி பண்ணிடலாம்."

அண்ணி பெருமூச்சு விட்டார். விரல் கீழே இறங்கிக் கடைசிக் கட்டத்தில் நின்றது. "இங்க எதுக்கு ரெண்டு நம்பர்?"

"அது கரிமம். இலை, தட்டை, வேரு எல்லாம் மக்கி மண்ணோட சேர்ந்தது. அதுதான் மண்ணுக்கு உயிரு. எவ்வளவு கூட இருக்கோ அவ்வளவு நல்லது. இந்த முப்பத்தெட்டு அண்ணன் பார்த்தப்ப. இந்த அறுபத்திரெண்டு நீங்க பார்க்கறப்ப."

"மாத்திச் சொல்ற."

"இல்ல அண்ணி."

"நல்லாப் பாரு. பெருசு அவரோடதா இருக்கும்."

"பெருசு உங்களோடது. அண்ணன் வருஷா வருஷம் தட்டையை எரிச்சாரு. நீங்க எரிக்காம விட்டீங்க. அது மக்கி மண்ணுக்குள்ள போயிருக்கு."

"எனக்கு நெருப்புன்னா பயம்டி. அதனாலதான் எரிக்கல."

"பயமோ என்னவோ, மண்ணுக்கு நல்லதாப் போச்சு. கீழே எழுதியிருக்கேன் பாருங்க. மூணு வருஷத்துல நிலம் நல்லா தேறியிருக்கு, இப்ப பராமரிக்கிறவர் இப்படியே தொடரலாம்னு."

அண்ணி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருஷம்! வயல்ல கால் வெச்சா, உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாருன்னு விரட்டுவாரே அந்த மனுஷன்! இருந்திருக்கணும். மூஞ்சிக்கு நேரா நீட்டியிருப்பேன்!" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. "கெடுத்துட்டேன் கெடுத்துட்டேன்னு தினம் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டிருந்தேன்டி."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இதில் என்ன வெட்கம்? என் அண்ணனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அவர் தோற்றதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மெஷின் ஓட்டுநர் டீயை முடித்துவிட்டு வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா, ஆரம்பிக்கலாமா? மண்ணு எதுக்கும் ஆகாதுன்னு எங்க முதலாளி சொன்னாரே?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அறிக்கையை மடித்து இடுப்புப் பையில் வைத்தார்.

"யாரு சொன்னா? உங்க முதலாளிக்கு நான் போன் பண்ணிச் சொல்லிக்கறேன், நீங்க வண்டியைத் திருப்புங்க. நான் பார்த்துக்கிட்ட மண்ணு, நல்லா இல்லாம எங்க போகும்?"